பன்னீர் திராட்சைக்கு ஒரு காந்தக் கதவு

இந்த ஆண்டு, ஆடி மாதம், மூன்றாம் வெள்ளி. முற்பகல்.

இடம்: சின்னாளபட்டியிலிருந்து சிறுமலை அடிவாரம் நோக்கிச் செல்லும் சாலையில், என் மைத்துனன் செல்வராசுவின் திராட்சைத் தோட்டம்; பம்பு செட்டை ஒட்டிய தகரக் கொட்டகை.

மின் இணைப்பு துண்டிக்கப்பட்டது. மின்தேக்கியில் எஞ்சியிருந்த மின்னூட்டம் தரைக்கோலால் தொட்டு மண்ணுக்குள் இறக்கப்பட்டது. தொட்டியின் எண்ணெய் வடிக்கப்பட்டது. மூடி கழற்றப்பட்டது. உடனிருந்தோர்: செல்வராசு, அவன் மனைவி ஜோதி. சேதம்: ஜோதியின் எவர்சில்வர் குடம் ஒன்று, எண்ணெய் பிடித்ததால் அது இனித் தண்ணீருக்கு ஆகாது.

நடந்தவை இவ்வளவே. ஆய்வுக்கூடத்தில் குறிப்பெழுதிப் பழகிய கை இப்படித்தான் எழுதும். என் மனைவி வடிவு இத்தகைய குறிப்புகளைப் படித்துவிட்டு, "இதுல நீங்க எங்கங்க இருக்கீங்க?" என்று கேட்பாள்.

நானும் அங்கே இருந்தேன்.

கோபக்காரக் கதவு

வடிவு அந்தத் தோட்டத்து வீட்டில் பிறந்தவள். இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்று, வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் உயர் மின்னழுத்தத் துடிப்புகளைப் பற்றி ஆராய்ந்தாள். நானும் அதே கூடத்தில் அதே வேலையைத்தான் செய்தேன். எங்கள் திருமணம் இரு வீட்டாரும் பேசி முடித்தது என்றே உறவினர்கள் இன்றும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை நாங்கள் கலைக்கவில்லை.

ஓய்வு பெற்றுத் திண்டுக்கல்லில் குடியேறிய பின், ஒரு நாள் செல்வராசு அவளிடம் கேட்டான்: "ஏக்கா, அம்புட்டுப் படிச்சிருக்க. இந்தப் பழத்தச் சாறாக்கினா வாசன போயிருது. அதுக்கு ஒரு வழி சொல்லக் கூடாதா?"

பன்னீர் திராட்சைச் சாற்றை அப்படியே வைத்தால் வெகு விரைவில் நுரைக்கத் தொடங்கும். காய்ச்சி வைத்தால் நுரைக்காது. ஆனால் அப்பழத்துக்கு அந்தப் பெயரை வாங்கித் தந்த மணம் ஆவியோடு போய்விடும். அவன் கேட்டது நியாயமான கேள்வி. அதுவரை நாங்கள் செய்த ஆராய்ச்சியைப் பற்றி எங்கள் குடும்பத்தில் எவரும் கேட்ட முதல் கேள்வியும் அதுவே.

வடிவு ஒரு வழி கண்டாள். சாற்றை இரண்டு எஃகுத் தகடுகளுக்கிடையே ஓடவிட்டு, மிக உயர்ந்த மின்னழுத்தத்தை மிகக் குறுகிய துடிப்புகளாகத் தருவது. நுரைக்கச் செய்யும் நுண்ணுயிர்களின் மெல்லிய தோல் அதில் கிழிந்துவிடும். சாறு சூடாவதற்குள் துடிப்பு முடிந்துவிடும். மணம் தங்கும்.

துடிப்பு குறுகியதாக இருக்க வேண்டும் என்பதுதான் இதில் கடினம். சாதாரண சுவிட்சுகளுக்கு அவ்வளவு வேகமும் இல்லை, அவ்வளவு பலமும் இல்லை. அங்கேதான் காந்தப் பொருள் உதவிக்கு வருகிறது.

ஒரு சிறப்பு உலோக நாடாவைச் சுருட்டி வளையமாக்கி, அதன் மேல் செம்புப் பட்டையைச் சில சுற்றுகள் சுற்றுவோம். மின்னோட்டம் வந்து மோதும்போது அந்த வளையம் முதலில் வழிவிடாது. தான் காந்தமாகிக்கொண்டே தடுத்து நிற்கும். இனிக் காந்தமாவதற்கு இடமில்லை என்ற நிலை வந்ததும், தடை சட்டென்று மறைந்துவிடும். தேங்கி நின்றதெல்லாம் ஒரே பாய்ச்சலில் வெளியேறும். அது ஒரு கதவு. அதில் கீல் இல்லை, தாழ்ப்பாள் இல்லை, தேய்ந்துபோக எதுவுமே இல்லை.

இதை நான் செல்வராசுவின் வீட்டில் படம் வரைந்து விளக்கினேன். அனைவரும் மிகுந்த மரியாதையுடன் கேட்டார்கள். ஒருவருக்கும் புரியவில்லை. திராட்சைக் கொத்திலிருந்து அழுகல் பழங்களைக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்த வடிவு தலை நிமிராமல் சொன்னாள்:

"ஏலே செல்வம், அந்த வளையம் உன் மச்சான் மாதிரி. என்ன சொன்னாலும் அசைய மாட்டாரு. சொல்லச் சொல்ல உள்ள நெறஞ்சுக்கிட்டே இருக்கும். நெறஞ்சதும் மொத்தத்தையும் ஒரே வார்த்தையில கொட்டிருவாரு."

"ஆமாக்கா! அப்பறம்?"

"அப்பறம் ஒரு டீயக் குடுத்துப் பழைய நெலமைக்குக் கொண்டாரணும். இல்லாட்டி அடுத்த தடவ தட்டுறதுக்கு முன்னாடியே கதவு தொறந்துக்கும்."

டீ என்று அவள் குறிப்பிட்டது, வளையத்தின் மேல் தனியே சுற்றப்படும் மெல்லிய கம்பியை. ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் அதில் எதிர்த்திசையில் சிறிய மின்னோட்டம் செலுத்தி, வளையத்தை முன்னிருந்த நிலைக்குத் திருப்ப வேண்டும். அறிவியல் நோக்கில் அவள் விளக்கத்தில் நான் குறை காணவில்லை. அதன் பின், அந்த வீட்டில் நான் சற்று நேரம் பேசாமல் இருந்தாலே ஜோதி எழுந்து அடுப்படிக்குப் போகத் தொடங்கினாள் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

ஒரு சுற்றுத் தகராறு

அந்த உலோக நாடா தலைமுடியைவிட மெல்லியது. விளிம்போ சவரக் கத்தி போன்றது. சின்னாளபட்டியில் தறி வைத்திருந்த ஒரு வீட்டிலிருந்து நூல் சுற்றும் ராட்டை ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, திண்டுக்கல் வீட்டின் முன்னறையில் அமர்ந்து வடிவு அதைச் சுற்றினாள். உலோகம் ஓர் அடுக்கு, அடுக்குகள் ஒன்றையொன்று தொடாதபடி பிளாஸ்டிக் தாள் ஓர் அடுக்கு. இறுக்கிச் சுற்றக் கூடாது. இறுக்கினால் அந்த உலோகத்தின் காந்த குணம் கெடும்.

தாள் பறக்கும் என்பதால் மின்விசிறி நிறுத்தப்பட்டது. சித்திரை மாதம். அவள் விரல்கள் அனைத்திலும் பிளாஸ்திரி. நான் சத்தமாக மூச்சு விடுவதாகக் காரணம் கூறி என்னை அறையிலிருந்து அனுப்பிவிட்டாள்.

வளையம் தயாரானதும் தகராறு தொடங்கியது. செம்புப் பட்டை ஒரு சுற்றுக் கூடுதலாக வேண்டும் என்றேன் நான்; இல்லாவிட்டால் கதவு உரிய நேரத்துக்கு முன்பே திறந்துவிடும். கூடாது என்றாள் அவள். ஒரு சுற்றுக் கூடினால், திறந்த பின்னும் கதவு குறுகலாகவே நிற்கும், துடிப்பு பருத்துவிடும். இரண்டும் உண்மையே. உலோகத்தை எவ்வளவு நம்பலாம் என்பதில்தான் எங்கள் வேறுபாடு. நான் எந்தப் பொருளையும் அதன் விளக்கத்தாளில் உள்ள அளவுக்கு நம்புவதில்லை. வடிவு நம்புவாள், பிறகு தானே அளந்து பார்த்துக்கொள்வாள்.

இவ்வாதம் பேருந்திலும் நடந்தது, ரயில் நிலையத்திலும் நடந்தது. ஒரு பிரியாணிக் கடையில், இலையை விரித்துவிட்டு நின்ற பரிமாறுபவர் பொறுமையிழந்து, "சார், அம்மா சொல்றதையே வச்சுக்கங்க. பின்னால ஆளு நிக்குது" என்றார். எதைப் பற்றிய வாதம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதே தீர்ப்பைத்தான் வழங்கியிருப்பார் என்று நினைக்கிறேன்.

வடிவு தன் கணக்குப்படியே சுற்றினாள்.

அந்த மழைக்காலத்தில் அவள் நோயுற்றாள். சோதனை நடைபெறவில்லை. கார்த்திகையில் காலமானாள்.

வீங்கிய பாட்டில்கள்

இயந்திரத்தை மினி லாரியில் ஏற்றித் தோட்டத்துக் கொட்டகைக்குக் கொண்டுபோய், வளையத்தைத் தொட்டிக்குள் இறக்கி, மின்பொறி பறக்காதிருக்க எண்ணெய் நிரப்பி வைத்தவன் செல்வராசு. அவ்வேலையை நான் மேற்பார்வையிடவில்லை. அந்நாட்களில் எதையும் மேற்பார்வையிடும் நிலையில் நான் இல்லை.

பங்குனியில்தான் அங்கே சென்றேன். மூடிய தொட்டிக்கு வெளியே இணைப்புகளைக் கொடுத்து இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தேன். அலைகாட்டியின் திரையில் துடிப்பு தெரிந்தது. தட்டையாக, அகலமாக, சோம்பலாகத் தெரிந்தது.

"என்ன மச்சான், எருமை படுத்திருக்க மாதிரி இருக்கு?" என்றான் செல்வராசு.

"முள்ளு மாதிரி இருக்கணும்" என்றேன்.

எனினும் சாற்றை ஓட்டிப் பாட்டில்களில் அடைத்தோம். சில நாள் கழித்து ஜோதி தொலைபேசியில் அழைத்தாள். "அண்ணே, பிரிஜ்ஜத் தொறந்தா வெடி வெடிக்குது. மூடியெல்லாம் பறக்குது. வெஞ்சனச் சட்டி பூராம் திராட்ச."

கதவு தடுத்து நிற்கவே இல்லை, தொடக்கத்திலேயே திறந்துகொள்கிறது. சுற்று குறைந்தால் இப்படித்தான் ஆகும். அதாவது, நான் சொன்னது சரி. எங்கள் இல்வாழ்க்கையில் எனக்கு இவ்வளவு தெளிவான வெற்றி வாய்த்ததில்லை. அதை யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

தீர்வு எளியது. தொட்டியைத் திறந்து வளையத்தை வெளியே எடுக்க வேண்டும். அவள் சுற்றியதைப் பிரித்துவிட்டு, என் கணக்குப்படி மறுபடி சுற்ற வேண்டும். செம்புப் பட்டையும் வாங்கிவிட்டேன். தொட்டியைத் திறக்கவில்லை.

"மச்சான், போன மாசம் காத்துல ஈரமிருக்குன்னீங்க. இந்த மாசம் தூசிங்கிறீங்க. அடுத்த மாசம் ராகு காலமா?"

"எண்ணெய்ல தூசி விழுந்தா உள்ளயே பொறி அடிக்கும் மாப்ள."

"அக்கா கணக்கு தப்பாது. வேற என்னமோ கோளாறு. நீங்க தொறங்க, நான் சொல்றேன்."

"தப்பியிருந்தா அவ சுத்துனதப் பிரிக்கணும்."

செல்வராசு என்னைச் சற்று நேரம் பார்த்தான். "அதுக்குத்தான் தொறக்க மாட்டேங்கிறீங்களா?"

நான் பேசவில்லை. ஜோதி எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

ஆடியில் பந்தலில் பழம் கறுத்தது. வெட்டுக்கு ஆள் பேசியாயிற்று. அப்போது செல்வராசு ஒரே மூச்சில் சொன்னான்: "இந்த வெட்டுலயும் ஓடலேன்னா கொட்டகையில உர மூட்டைய அடுக்கிருவேன் மச்சான். சாமான வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி, பொட்டு வச்சு மாலை போட்டு உக்காத்தி வச்சுக்கங்க."

கடுமையான சொல். ஆனால் நான் ஏறக்குறைய அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். செம்புப் பட்டையை எடுத்துக்கொண்டு பேருந்து ஏறினேன்.

மூடிக்குக் கீழே

எண்ணெய் வடியவடிய, முதலில் தெரிந்தது ஓர் இரும்புத் தகடு. அதன் நடுவே ஒரு பெரிய போல்ட். பக்கங்களில் தடித்த கம்பிகள். அடியில் மற்றொரு தகடு. இவற்றுக்கு நடுவே, கூண்டிலிட்டதுபோல், வடிவின் வளையம். போல்ட்டின் தலைமாட்டில் ஒரு சிறிய பித்தளைப் பூட்டு தொங்கியது.

ஆய்வுக்கூடங்களில் பலவிதத் தொட்டிகளைத் திறந்திருக்கிறேன். எண்ணெய்க்குள் பூட்டு கிடந்து பார்த்ததில்லை.

"பாத்தீங்களா?" என்றான் செல்வராசு, பெருமை தாங்காமல். "அம்புட்டு மோசமான ரோட்டுல வந்துச்சு. இம்மி அசையலையே!"

"இது என்ன மாப்ள?"

"கவ்வி. நாகல்நகர்ல நமக்குத் தெரிஞ்ச பூட்டுப் பட்டறையில சொல்லிச் செஞ்சேன்."

"வடிவு இத எதுல தொங்க விட்டிருந்தா?"

அவன் ஜோதியைப் பார்த்தான். ஜோதி தரையைப் பார்த்தாள். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "பாவாடை நாடாவுல மச்சான்."

"சரி."

"என்ன சரி? அம்புட்டுப் படிச்ச பொம்பள செஞ்ச சாமான், பாவாடை நாடாவுல தொங்குது! நாலு பேரு வந்து பாத்தா என்ன நெனைப்பான்? வழியில அறுந்து விழுந்தா? அதான் நடுவுல போல்ட்ட விட்டு, மேலயும் கீழயும் தகடு வச்சு, வெளியில கம்பியால சேத்து முடுக்குனேன். பூட்டும் போட்டேன். அக்கா கை பட்டத கண்டவன் தொடக் கூடாதுல்ல."

பருத்தி நாடா மின்சாரத்தைக் கடத்தாது, எண்ணெயில் ஊறினாலும் தளராது, வளையத்தை நெருக்காது. வேறு எதிலும் அதைத் தொங்கவிட்டிருக்கக் கூடாது. வடிவு தெருமுனைக் கடையில் கிடைத்ததை வாங்கியிருக்கிறாள், அவ்வளவுதான்.

இரும்புக் கவ்வியோ வேறு கதை. போல்ட் வளையத்தின் நடுவே புகுந்து, தகட்டில் ஏறி, வெளிக்கம்பி வழியே இறங்கி, மறு தகட்டின் மூலம் தன்னிடமே திரும்புகிறது. நம் கண்ணுக்கு அது ஒரு பிடி. வளையத்துக்கு அது தன்னைச் சுற்றி முழுமையாக மூடிய ஒரு சுற்று. வளையம் தடுக்க முயலும்போதெல்லாம் அந்த இரும்பில் மின்னோட்டம் சுழன்று, அத்தடையை அழித்துவிடும். கதவு தொடக்கத்திலிருந்தே திறந்து கிடக்கும்.

ஒரு சுற்றுக் கூடுதலாக வேண்டும் என்று நான் மாதக்கணக்கில் வாதிட்டேன். செல்வராசு அதை இரும்பில் போட்டு, பூட்டியும் வைத்திருந்தான்.

சிரிப்பதற்குரிய இடம்தான். ஆனால் அவன் என் எதிரே நின்றுகொண்டிருந்தான். சொல்ல வேண்டியதை இரண்டு விதமாக மனத்துக்குள் அமைத்துப் பார்த்தேன். இரண்டும் சரியாக வரவில்லை.

"என்ன மச்சான், பாத்துக்கிட்டே நிக்கிறீங்க?"

"இந்த போல்ட் இருக்குற வரைக்கும் யாரு எத்தன சுத்து சுத்தினாலும் ஓடாது மாப்ள."

அவனுக்குப் புரியச் சிறிது நேரமாயிற்று. "அப்ப… கெடுத்தது நானா?"

"கவ்விதான்."

"கவ்வி என்ன, தானா நடந்து வந்துச்சா?"

அவன் பழப்பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தான்; விரித்தான்; மறுபடி மடித்தான். பிறகு அவன் தலை நிமிர்ந்து கேட்டான்:

"அக்கா சுத்துனதுல கொறையில்லையா?"

"இனிமேத்தான் தெரியும். இதுவரைக்கும் அதச் சோதிக்கவே இல்ல."

"அப்ப இருக்காது." அவன் எழுந்துவிட்டான். "ஜோதி, சாவிய எடுத்துட்டு வா. நாந்தான் கெடுத்தேன்னா நல்லதாப் போச்சு மச்சான். அக்கா கெடுக்கலேல்ல, அம்புட்டுப் போதும்."

அரிசி டிரம்மிலிருந்து சாவி வந்தது. மாதக்கணக்கில் எண்ணெயில் ஊறிய அந்தப் பூட்டு, திறந்ததே தெரியாமல் திறந்தது. பூட்டு என்ற வகையில் அதில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. போல்ட்டை உருவி எடுத்தான். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் சிறிது நேரம் கையிலேயே வைத்திருந்தான்.

ஜோதி பெட்டியிலிருந்து வெள்ளைப் பாவாடை நாடா ஒரு சுருள் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். நான் எதுவும் கேட்குமுன்பே, "புதுசுண்ணே" என்றாள்.

வளையத்தை நாடாவில் தொங்கவிட்டோம். செம்புச் சுற்றில் நான் கை வைக்கவில்லை.

முள்

எண்ணெயைத் திரும்ப நிரப்பிக் குமிழிகள் அடங்கும்வரை காத்திருந்தோம். சாப்பாடு ஆயிற்று. எவரும் அதிகம் பேசவில்லை. அன்று டீ மட்டும் தாராளமாக வந்தது.

பிற்பகலில் மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக உயர்த்தினேன். தொட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. நகத்தால் தகரத்தைச் சுண்டினாற்போல், சின்னச் சத்தம். காந்தமாகும்போது அந்த உலோகம் இம்மியளவு நீண்டு சுருங்கும், அதுவே அச்சத்தம். இரும்புப் பிடிக்குள் இருந்தவரை அது கேட்கவில்லை.

திரையில் ஒரு கோடு நின்றது. மெலிந்து, உயர்ந்து, கூராக.

"மச்சான், முள்ளு மாதிரி நிக்குது!"

"முள்ளு மாதிரித்தான் நிக்கணும்."

"எருமை?"

"எந்திரிச்சுப் போயிருச்சு."

திரையில் அகலத்தை அளந்தேன். என் கூடுதல் சுற்று இருந்திருந்தால் அந்த முள் கட்டாயம் பருத்திருக்கும். அங்கிருந்தவர்களில் இதை அறிந்தவன் நான் ஒருவனே. ஆகவே நானே சொல்ல வேண்டியிருந்தது.

"வடிவு கணக்குதான் சரி. என் கணக்கு தப்பு."

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கண்ணே" என்றாள் ஜோதி. "மோட்டாரு ஓடுது, இவரு காதுல விழுகல."

மீண்டும் சொன்னேன். மூன்றாம் முறை கேட்டபோது மறுத்துவிட்டேன்.

சாறு குழாயின் வழியே வந்தது, குளிர்ச்சி மாறாமல். பந்தலுக்கடியில் நின்றால் வரும் மணம் கொட்டகைக்குள் வந்தது. செல்வராசு முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினான். ஜோதி நான்கு டம்ளர்களை எடுத்து வந்தாள். பிறகு ஒன்றைத் திரும்ப உள்ளே கொண்டுபோனாள்.

இதை எழுதும் இன்றுவரை அந்தப் பாட்டில்கள் வீங்கவில்லை.

நிலுவையில் உள்ளவை

எண்ணெயை ஒருமுறை நன்றாக வடிகட்டுவது.

தரைக்கோலால் தொடாமல் தொட்டியருகே யாரும் போகக் கூடாது என்று கொட்டகைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதுவது.

மாற்றுக்கு ஒரு வளையம் சுற்றி வைப்பது. உலோக நாடா மீதமிருக்கிறது. முன்னறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார வேண்டும்.

தொட்டியின் மூடியில் பெயர் பொறிப்பது. பட்டறையில், பட்டத்தோடு முழுப் பெயரையும் போடுவதா என்று கேட்கிறார்கள். செல்வராசு 'அக்கா' என்று போட்டால் போதும் என்கிறான்.